அடிப்பு நீண்டால் வலு பெருகுமா?

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கே செல்லும் வீதி, வேலணையைக் கடந்து, மீண்டும் கடலிடையே அமைந்த தாம்போதியொன்றால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையிற் சென்று முடிகின்றது. அவ்விடத்தே இருவகை எந்திரங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. யாத்திரிகரையும் ஊரவரையும் ஏற்றிவந்த வாடகை வண்டியின் எந்திரம் ஓய, அவர்களை நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ கொண்டு செல்லும் மோட்டார்ப் படகின் எந்திரம் முழங்கத் தொடங்குகின்றது. இரண்டும் எண்ணெயை எரித்துத் தண்டொன்றைச் சுழற்றுவனவே. ஆயினும், ஒன்றுக்குச் சிறப்பாவது மற்றொன்றுக்குக் குறையாதல் உண்டு. அஃது எவ்வாறு என்பதை அறிந்தவனே எந்திரத்தை அறிந்தவனாவான்.

எந்திரத்தின் வலுவைப் பெருக்க விரும்புவோர் இக்காலத்தில் இரு வழிகளைப் பெரிதும் போற்றுகின்றனர். ஒன்று, எந்திரத்தின் அடிப்பை நீட்டுதல். இவ்வாறு திருத்தியமைத்த எந்திரத்தை மோட்டார்த் தொழிலாளர் ‘ஸ்றோக்கர்’ என்பர். மற்றையது, டர்போ என்னும் காற்றமுக்கியைப் பூட்டுதல். பந்தயத்துக்கும் மிகுவேகத்துக்குமென வண்டி கட்டுவோர் இரண்டையும் ஒருங்கே செய்கின்றனர். இவ்விரண்டும் தனித்தனியே தருவது யாது, இரண்டும் சேர்ந்தால் விளைவது யாது, அதற்கு எந்திரம் கொடுக்கும் விலை யாது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அடிப்பு என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். எந்திரத்தின் உருளைக்குள்ளே பிஸ்டன் எனப்படும் முசலம் மேலும் கீழும் இயங்குகின்றது. அதன் இயக்கத்தை இணைதண்டு வாங்கிக் கிறாங்குத் தண்டினிடம் கொடுக்க, மேல் கீழ் இயக்கம் சுழற்சியாக மாறுகின்றது. முசலம் உச்சியிலிருந்து அடிவரை செல்லும் தூரமே அடிப்பு நீளமாகும். கிறாங்கின் ஆரை எவ்வளவோ, அடிப்பு அதன் இருமடங்கு. உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என நான்கு அடிப்புகளில் ஒரு சுற்று நிறைவுறும் எந்திரம் நான்கடிப்பு எந்திரம் எனப்படும். உருளையின் குறுக்குப் பரப்பை அடிப்பு நீளத்தாற் பெருக்கி, உருளைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் வருவது எந்திரத்தின் கனவளவு. ஒரு சுற்றிலே எந்திரம் எவ்வளவு காற்றை உட்கொள்ளும் என்பதற்கு அக்கனவளவே அளவுகோலாகும்.

யாழ்ப்பாண மக்கள் நன்கறிந்த ஒஸ்ரின் ஏ-40 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உருளை விட்டம் 65.5 மில்லிமீற்றர், அடிப்பு 88.9 மில்லிமீற்றர். நான்கு உருளைகளுக்கும் சேர்த்துக் கனவளவு ஏறத்தாழ 1,200 கன சென்ரிமீற்றர். விட்டத்திலும் அடிப்பு மிக நீண்டிருத்தல் இங்கே கவனிக்கத்தக்கது. இதற்குக் காரணம் பொறியியல் மட்டுமன்று. இங்கிலாந்தில் 1921 முதல் மோட்டார் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட வரி, குதிரைவலு என்ற பெயரில், உருளையின் விட்டத்தையும் உருளைகளின் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு கணிக்கப்பட்டது. அடிப்பு நீளம் அக்கணக்கிற் சேரவில்லை. ஆகவே, ஒடுங்கிய உருளையும் நீண்ட அடிப்பும் உடைய எந்திரங்கள் அந்நாட்டிலே பெருகின. 1940களின் பிற்பகுதியில் அவ்வரிமுறை நீங்கிய பின்னரும் அதன் சாயல் உடனே மறைந்துவிடவில்லை. இங்கிலாந்தின் வரிச்சட்டம் ஒன்று, நம்மூர் வீதிகளில் ஓடிய வண்டிகளின் எந்திர வடிவத்தையும் தீர்மானித்தது எனின் அது மிகையன்று.

கனவளவைக் கூட்டுதற்கு இரு வழிகள் உள. உருளையை அகலமாக்கலாம், அன்றி அடிப்பை நீட்டலாம். அக்காலத்து ஆங்கில எந்திரங்கள் இரண்டுக்கும் சான்று பகர்கின்றன. ஏ-40 இன் 88.9 மில்லிமீற்றர் அடிப்பை மாற்றாது, உருளையின் விட்டத்தை 73 மில்லிமீற்றராக்கியபோது 1,489 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ-50 கேம்பிறிட்ஜ் எந்திரம் பிறந்தது. மொறிஸ் மைனரிலோ வேறு வழி பின்பற்றப்பட்டது. 1956 இல் அதற்குப் பூட்டப்பட்ட 948 கன சென்ரிமீற்றர் எந்திரத்தின் அடிப்பு 76.2 மில்லிமீற்றர், 1962 இல் வந்த 1,098 கன சென்ரிமீற்றர் எந்திரத்தின் அடிப்பு 83.7 மில்லிமீற்றர். உருளையும் சிறிது அகன்றதாயினும், கனவளவின் பெருக்கத்துக்கு அடிப்பின் நீட்டமே பெரும் பங்கு அளித்தது. எனவே, அடிப்பை நீட்டுதல் இக்காலத்து இளைஞர் கண்ட புதுமையன்று. தொழிற்சாலைகளே பன்முறை கையாண்ட பழைய வழியாகும்.

இனி, இக்காலத்து வண்டியொன்றுக்கு வருவோம். மிற்சுபிசி லான்சர் எவலூஷன் என்னும் மிகுவேக வண்டியின் டர்போ எந்திரம் நான்கு உருளைகள் உடையது. 2007 வரை அவ்வண்டிக்குப் பூட்டப்பட்ட 4ஜி63 எந்திரத்தின் உருளை விட்டம் 85 மில்லிமீற்றர். அடிப்பு 88 மில்லிமீற்றர். கனவளவு 1,997 கன சென்ரிமீற்றர். அதே குடும்பத்தைச் சேர்ந்த 4ஜி64 என்னும் பெரிய எந்திரத்தின் கிறாங்குத் தண்டோ 100 மில்லிமீற்றர் அடிப்பைத் தருவது. அக்கிறாங்கைச் சிறிய எந்திரத்தின் உடலிற் பூட்டினால் கனவளவு 2,270 கன சென்ரிமீற்றர் ஆகின்றது. உலகெங்கும் மிகுதியாகக் கட்டப்படும் ஸ்றோக்கர் எந்திரங்களுள் இஃது ஒன்று.

கிறாங்கை மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அடிப்பு 12 மில்லிமீற்றர் நீளும்போது, முசலம் அடியில் 6 மில்லிமீற்றர் தாழ்வதோடு, உச்சியிலும் 6 மில்லிமீற்றர் உயர்கின்றது. உயரவிட்டால் அது உருளையின் வாயைக் கடந்து தலைப்பகுதியில் மோதும். ஆகவே, ஊசித்துளை 6 மில்லிமீற்றர் மேலே அமைந்த, உயரங் குறைந்த முசலங்களைத் தேர்தல் வேண்டும். அன்றேல் இணைதண்டைக் குறுக்குதல் வேண்டும். இணைதண்டைக் குறுக்கினால் அது மேலும் சாய்ந்து நின்று முசலத்தை உருளையின் சுவரோடு அழுத்தித் தேய்க்கும். எனவே, முன்னைய வழியே பெரும்பாலும் விரும்பப்படுகின்றது. அவ்வழியிலும் சாய்வு கூடாமலிருப்பதில்லை. 150 மில்லிமீற்றர் நீளமுள்ள இணைதண்டு, 88 மில்லிமீற்றர் அடிப்புக்கு 1.70 மடங்கு, 100 மில்லிமீற்றர் அடிப்புக்கு 1.50 மடங்கே. இவ்விகிதம் குறையக் குறையப் பக்க உராய்வு கூடும்.

நெருக்கல் விகிதமும் மாறிவிடுகின்றது. அந்த எந்திரத்தின் நெருக்கல் விகிதம் 8.8 எனக் கொண்டால், ஓர் உருளையின் உச்சியில் எஞ்சும் இடம் 64 கன சென்ரிமீற்றர். அதே இடத்தை வைத்துக்கொண்டு அடிப்பை மட்டும் நீட்டினால் விகிதம் 9.9 ஐ அண்மிக்கும். டர்போ எந்திரத்துக்கு இஃது ஆபத்தானது. எனவே, முசலத்தின் தலையைக் குழிவாக்கி ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர் இடத்தை மீட்டுத்தருதல் வேண்டும். இவற்றோடு, கிறாங்கின் எதிர்ப்பாரங்களும் இணைதண்டின் பெருமுனைகளும் எந்திர உடலிலோ முசலத்தின் அடியிலோ உரசாமல் சுழல்கின்றனவா என்பதைக் கையாற் சுழற்றி ஒவ்வோர் உருளையிலும் பார்த்தல் வேண்டும். முசலங்களும் இணைதண்டுகளும் ஒத்த நிறை உடையனவா என்று நிறுத்துப் பார்த்தலும் இன்றியமையாதது. எந்திரம் கட்டுவதிற் பெரும்பகுதி அளத்தலேயாம். பூட்டுதல் அதன் சிறுபகுதி.

இத்துணை உழைப்பின் பின் கிடைப்பது யாது? ‘வலு’ என்பதே பலர் கூறும் விடை. அவ்விடை முற்றும் சரியன்று. இதனை விளக்கச் செக்கைக் காட்டிலும் சிறந்த உவமை இல்லை. செக்கின் நுகத்தடியை நீட்டினால், மாடு அதே பலத்தோடு இழுத்தாலும் உலக்கையிற் பிறக்கும் முறுக்குவிசை கூடும். கடினமான வித்தும் எளிதில் நசியும். ஆனால், மாடு நடக்க வேண்டிய வட்டமும் பெரிதாகின்றது. மாட்டின் நடை வேகம் மாறாதெனின், ஒரு நாழிகையில் அது சுற்றும் சுற்றுகள் குறைந்துவிடும். சுற்று ஒன்றுக்குச் செய்யும் வேலை கூடிற்று. சுற்றுகளின் தொகை குறைந்தது. ஒரு நாழிகையில் முடியும் வேலையோ முன்போன்றதே.

எந்திரத்தில் முசலமே மாடு. அதன் நடை வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 88 மில்லிமீற்றர் அடிப்புடைய எந்திரம் நிமிடத்துக்கு 7,500 முறை சுழலும்போது முசலத்தின் சராசரி வேகம் செக்கனுக்கு 22 மீற்றர். அடிப்பை 100 மில்லிமீற்றர் ஆக்கி அதே சுழற்சியில் ஓட்டினால் அவ்வேகம் 25 மீற்றராக உயரும். உச்சியில் முசலத்தை நிறுத்தித் திருப்பும் ஆர்முடுகல், புவியீர்ப்பின் ஏறத்தாழ 3,600 மடங்கிலிருந்து 4,200 மடங்காகின்றது. முசலமும் ஊசியும் சேர்ந்து அரைக் கிலோகிராம் எனின், ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ இரண்டு தொன் பாரத்தின் இழுவையை இணைதண்டு தாங்குதல் வேண்டும். அதுவும் ஒரு செக்கனில் 125 முறை. உலோகம் களைப்பது இவ்வாறே. அறிவுடைய தொழிலாளன் முசல வேகத்தைப் பழைய 22 மீற்றரிலே நிறுத்த எண்ணுவான். அப்போது சுழற்சி 6,600 க்கு மேற் செல்லலாகாது.

இங்கேதான் கணிதம் தன் உண்மையை உரைக்கின்றது. அமுக்கம் மாறாதெனின், அடிப்பு நீண்டதனால் முறுக்குவிசை 88 க்கு 100 என்ற விகிதத்திற் கூடிற்று. சுழற்சியின் எல்லையோ 100 க்கு 88 என்ற விகிதத்திற் குறைந்தது. இரண்டையும் பெருக்கினால் வருவது ஒன்று. அதாவது, உச்ச வலு முன்பிருந்த அளவே! முசலத்தின் பரப்பு, அதன்மீது தாக்கும் சராசரி அமுக்கம், முசலத்தின் வேகம் ஆகிய மூன்றுமே வலுவைத் தீர்மானிப்பன. அடிப்பு நீளம் அக்கணக்கிலிருந்து தானே நீங்கிவிடுகின்றது. ஆகவே, அடிப்பை நீட்டுதல் தாழ்ந்த சுழற்சியில் மிகுந்த முறுக்குவிசையைத் தரும். வலுவின் உச்சத்தை அது தன்னளவில் உயர்த்தாது. வலுவை உயர்த்த வேண்டின் எஞ்சிய வழி, அமுக்கத்தை உயர்த்துதலே.

அப்பணியைச் செய்வதே டர்போ. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்னும் பொறியியலாளர் 1905 இல் இதற்கான உரிமைப் பத்திரம் பெற்றார். வீணே வெளியேறும் புகையின் சத்தியால் ஒரு சில்லைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சில்லால் வெளிக்காற்றை அமுக்கி எந்திரத்துக்கு ஊட்டுதல் அதன் தத்துவம். அச்சின் சுழற்சி நிமிடத்துக்கு ஓரிலட்சத்தையும் கடப்பதுண்டு. இக்கருவி முதலிற் சிறப்புற்றது கப்பல்களின் டீசல் எந்திரங்களிலேயாம். விற்பனைக்கு வந்த மோட்டார் வண்டிகளில் 1962 இல் அமெரிக்காவிலே தோன்றிற்று.

டர்போவுக்கும் ஒரு குறை உண்டு. புகை போதிய அளவு வராதவரை அதன் சில்லு விரைந்து சுழலாது. எனவே, வண்டி மெல்லச் செல்லும்போது அதன் உதவி கிடைப்பதில்லை. ஓட்டுபவன் மிதித்தபின் சிறிது காத்திருத்தல் வேண்டும். அடிப்பு நீண்ட எந்திரமோ ஒரே சுழற்சியில் 13 அல்லது 14 வீதம் கூடிய புகையை வெளிவிடுகின்றது. ஆதலால் டர்போ முந்தி விழிக்கின்றது. அது விழிக்கும்வரை நீண்ட கிறாங்கின் முறுக்குவிசை வண்டியை இழுக்கின்றது. டர்போ உச்ச வலுவைத் தர, நீண்ட அடிப்பு அதன் தாமதத்தை மறைக்கின்றது. மிகுவேக வண்டி கட்டுவோர் இரண்டையும் இணைப்பதன் உட்பொருள் இதுவே.

ஆனால், அமுக்கிய காற்று வெப்பமுறும். 30 பாகை செல்சியசிலுள்ள நம் நாட்டுக் காற்றை இருமடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுவந்தால், நடைமுறையில் அது 125 பாகையை அண்மிக்கும். வெப்பத்தால் விரிந்த காற்று இருமடங்கு அடர்த்தி பெறாது; ஒன்றரை மடங்கே பெறும். இடையே ஒரு குளிராக்கி வைத்து 50 பாகைக்கு இறக்கினால் அடர்த்தி ஏறத்தாழ 1.9 மடங்காகும். குளிராக்கியின் பயன் இதனோடு முடிவதன்று. வெப்பமும் அமுக்கமும் எல்லை கடந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்தடையும் முன்பே, மூலையில் எஞ்சிய கலவை தானே வெடித்துவிடும். சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். எந்திரம் தட்டுகின்றது என்று தொழிலாளர் கூறுவது இதனையே. முசலத்தில் ஓட்டை விழுவதற்கும் வளையங்கள் உடைவதற்கும் இதைவிட விரைவான வழி இல்லை.

இப்பாடத்தை யாழ்ப்பாணக் குடாநாடு நூலிலன்றி வீதியிலே கற்றது. 1990 முதல் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில், தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோர் உட்பட மக்கள் அனைவரும் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளையே நம்பியிருந்தனர். சிறிது பெற்றோல் விட்டு எந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிற்று. மண்ணெண்ணெய் எளிதில் தானே வெடிக்கும் இயல்பினது. எனவே, நெருக்கல் விகிதம் மிகுந்த எந்திரம் அதனால் விரைவிற் கெடும். ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டிய நெருக்கல் உடைய பழைய ஏ-40 போன்ற வண்டிகளோ அதனைப் பொறுத்துக்கொண்டன. ஆவியாகாத மண்ணெண்ணெய் முசல வளையங்களைக் கடந்து கீழே இறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதையும், அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றாதவன் கிறாங்கை இழப்பான் என்பதையும் அக்காலத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்தனர். நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற வண்டிகள், வலுவிற் சிறந்தவை என்பதனாலன்று, தாங்குந் திறனிற் சிறந்தவை என்பதனாலேயே மதிக்கப்பட்டன. டர்போ எந்திரத்துக்கு நெருக்கலைக் குறைத்து வைப்பதும், தரமான எரிபொருளைத் தேடுவதும், தீப்பொறியைச் சிறிது பிந்த விடுவதும் அதே பாடத்தின் மறுபக்கமாம்.

இனிக் குறிகட்டுவானுக்கு மீள்வோம். அங்கே ஆடி நிற்கும் படகின் எந்திரத்துக்கு 7,500 சுழற்சியால் ஆவது யாது? நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு வேண்டிய வலு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவது. வலுவை இருமடங்காக்கினாலும் வேகம் நான்கில் ஒரு பங்களவே கூடும். எரியும் எண்ணெயோ இருமடங்கு. ஆகவே, படகுக்கு வேண்டுவது, பெரிய சுழலியைத் தாழ்ந்த சுழற்சியில் இடைவிடாது திருப்பும் முறுக்குவிசையாம். இந்நெறியின் உச்சத்தைப் பெருங்கப்பல்களிற் காணலாம். 2006 இல் கடலில் இறங்கிய எம்மா மேர்ஸ்க் என்னும் கப்பலின் டர்போ டீசல் எந்திரத்தின் அடிப்பு 2,500 மில்லிமீற்றர். ஓர் ஆளின் உயரத்தையும் கடந்தது. அது சுழல்வதோ நிமிடத்துக்கு 102 முறை. கணித்துப் பார்த்தால் அதன் முசல வேகம் செக்கனுக்கு 8.5 மீற்றர் மட்டுமே. ஏ-40 வண்டி தன் நாற்பது குதிரைவலுவைக் காட்டும் 4,300 சுழற்சியில் முசல வேகம் 12.7 மீற்றர். முன்னர்க் கூறிய மிகுவேக வண்டியில் அது 22 மீற்றர். மூன்றும் ஒரே விதிக்கு உட்பட்டவை. மூன்றும் வெவ்வேறு ஆயுளை வேண்டுபவை. சில மணித்தியாலப் பந்தயத்துக்கென அமைந்த எந்திரம் தன் ஆயுளை வேகமாக மாற்றிச் செலவிடுகின்றது. மாதக்கணக்கில் ஓட வேண்டிய எந்திரம் வேகத்தை ஆயுளாக மாற்றிச் சேமிக்கின்றது.

சோளகக் காற்று எழுந்து அலைகள் உயரும் மாதங்களில், நெடுந்தீவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிவரும் படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் இருத்தல் வேண்டும். அப்படகு சிறிது பிந்தி வந்தால் எவரும் குறை கூறார். நடுக்கடலில் எந்திரம் நின்றுவிட்டாலோ, வலுவைப் பற்றிய பெருமை எதற்கும் உதவாது. வீதியோரத்தில் நின்றுவிட்ட வண்டியிலிருந்து இறங்கி நடக்கலாம். படகிலிருந்து இறங்கி நடத்தல் இயலாது.

எனவே, எந்திரத்தைத் திருத்த முனையும் இளைஞன் முதலில் வினாவ வேண்டியது, எவ்வளவு வலு கிடைக்கும் என்பதன்று. இவ்வெந்திரம் எப்பணிக்கு உரியது என்பதே. விடை தெளிந்தபின் மசகெண்ணெய், குளிரூட்டல், எரிபொருள் ஆகிய மூன்றையும் முதலில் சீர்செய்தல் வேண்டும். அதன் பின்னரே அடிப்பும் டர்போவும் பற்றி எண்ணுதல் முறையாகும். டர்போ பூட்டிய பின்னும், நெடுந்தூரம் விரைந்து ஓடிய எந்திரத்தை உடனே நிறுத்தாது சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு, சில்லின் அச்சுக்கு எண்ணெய் சென்று அதனைக் குளிரச் செய்தல் நன்று.

அடிப்பு நீண்டால் வலு பெருகுமா என்னும் வினாவுக்கு விடை இதுதான். அடிப்பு நீண்டால் கை வலிக்கும், கால் தளரும். அமுக்கம் கூடினால் வலு பெருகும். வெப்பமும் உடன் பெருகும். எந்திரம் எதனையும் இலவசமாகத் தருவதில்லை. அது கேட்கும் விலையை முன்னரே கணித்து அறிந்து கொடுப்பவனுக்கு அது நெடுநாள் உழைக்கும். அறியாதவனிடத்தே அவ்விலையைத் தானே எடுத்துக்கொள்ளும்.